சர்க்கரை இல்லை என்று சொல்லி எதைக் கொடுத்தீர்கள்?

சர்க்கரை கெடுதல் என்று ஊரே பேசுகிறது. பேசட்டும், பேச வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கே நீரிழிவு வருகிற காலத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் என் மகளுக்குச் சர்க்கரைதான் சோறு. சர்க்கரையும் நெய்யும் ஜவ்வரிசியும் பழமும்தான் அவளை இத்தனை வருஷம் வளர்த்தன. பருப்பு ஆகாது. பால், தயிர், முட்டை, கறி எதுவும் ஆகாது. அரிசிச் சோறுகூடக் கிராம் தராசில் எடை போட்டுத்தான் அவள் தட்டில் விழும். சர்க்கரைக்குப் பதிலாக நீங்கள் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிற அந்தச் செயற்கை இனிப்புதான் அவளுக்கு விஷம். மருத்துவர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருந்தேன். கொடுத்த பிறகும் அதைத்தான் என் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தார்கள், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

அவளுக்கு இருப்பது ஃபினைல்கீட்டோனூரியா. டாக்டர்கள் பி.கே.யூ. என்று சுருக்கிச் சொல்வார்கள். நாம் சாப்பிடுகிற புரதம் எல்லாவற்றிலும் ஃபினைல்அலனின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. மற்றவர்களுடைய ஈரல் அதை உடைத்து வேறொன்றாக மாற்றிவிடும். என் பிள்ளைகளின் ஈரலில் அந்த வேலையைச் செய்கிற நொதி இல்லை. உடைபடாத அமிலம் ரத்தத்தில் ஏறும், ஏறி மூளையைப் போய்த் தாக்கும். கைக்குழந்தையில் தாக்கினால் அந்தச் சேதத்தைப் பிறகு எதைக் கொண்டும் சரி செய்ய முடியாது.

'பிள்ளைகளின்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கு இரண்டு பேர். பெரியவன் பிறந்தபோது மூன்று கிலோ, எந்தக் குறையும் இல்லை. மாதங்கள் போகப் போக அவன் தலைமுடி மட்டும் செம்பட்டையாகிக்கொண்டே வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. அவன் நனைத்த துணியில் எலிப் புழுக்கை போல ஒரு வாடை அடித்தது. எத்தனை தரம் வெந்நீரில் துவைத்தாலும் போகாது. ஒரு வயதாகியும் உட்காரவில்லை. பிறகு வலிப்பு வந்தது. தோஷம் என்றார்கள், தாயத்துக் கட்டினார்கள், சீர் தட்டினார்கள். தலைமுடி நிறத்தைக் கேட்காத டாக்டர் இல்லை, அதற்குக் காரணம் தேடிய டாக்டரும் இல்லை. கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அந்த வாடையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் அவனுக்கு நான்கு வயது முடிந்திருந்தது.

என் கணவர் எனக்கு அத்தை மகன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பெரியவர்கள் சேர்த்து வைத்தார்கள். எங்கள் இருவர் உடம்பிலும் பழுதான அந்த ஒரு மரபணு ஒளிந்திருந்திருக்கிறது. அப்படி இருவரும் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த நான்கில் ஒன்று எனக்கு இரண்டு தரமும் விழுந்தது. மகள் பிறந்தபோது மட்டும் எங்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பிறந்த சில நாளிலேயே குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, வடிதாளில் சொட்டு சொட்டாக வைத்து அனுப்பினோம். அந்தச் சில சொட்டு ரத்தம்தான் இன்று இவளை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது. அதே சொட்டு எடுக்கப்படாததால் அவள் அண்ணன் வீட்டில், என் குரலை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, படுத்திருக்கிறான்.

வடிதாளில் ரத்தச் சொட்டு எடுக்கும் முறையை அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி கொண்டுவந்தது 1960களின் தொடக்கத்தில். அவருக்கும் அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருந்தான். அவருடைய உறவுக் குழந்தை ஒன்றுக்கு இதே நோய். பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளுக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் இந்த நோயும் இருக்கிறது. என் மகன் பிறந்த இடத்தில் அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆற்றாமை தனி. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் காகிதம் போதாது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க வைத்தவளும் ஒரு தாய்தான். நார்வேயில் போர்க்னி எகலாந்து என்ற பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் வளர்ச்சியில்லாமல் போயின, இரண்டிடமும் அதே வாடை. ஏன் ஏன் என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள். 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அவள் கொண்டுவந்த சிறுநீரில் ஒரு ரசாயனத்தை விட்டுப் பார்க்க, அது பச்சையாக மாறியது. அப்படித்தான் உலகத்துக்கு இந்த நோய் தெரிந்தது. 1951இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இன்னொரு தாய், மேரி ஜோன்ஸ். தன் மகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒவ்வொரு காலையும் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரின் ஆய்வகத்து வாசலில் நின்றாள். அவள் நின்ற நிற்பில்தான் பால் புரதத்திலிருந்து ஃபினைல்அலனினை நீக்கி ஓர் உணவு தயாரித்தார்கள். இன்று என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு மூன்று வேளை குடிக்கிற பொடிக்கு அதுதான் மூலம். அந்தப் பொடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலையைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

மிச்ச வயிற்றை நிரப்புவது எங்கள் சேலத்து ஜவ்வரிசி. புரதம் ஏறக்குறைய இல்லாத மாவுச்சத்து அது. ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசி வடாம், தேங்காய் எண்ணெயில் பொரித்த அப்பளம் போல ஒன்று, சர்க்கரைப் பாகு ஊற்றிய கூழ் என்று எதை எதையோ செய்து பார்த்து என் கை பழகிவிட்டது. ஊரே நோன்புக்குச் செய்கிற பண்டம் எங்கள் வீட்டில் அன்றாடச் சாப்பாடு. ஒரு நாளைக்கு அவளுக்கு அனுமதி 350 மில்லிகிராம் ஃபினைல்அலனின். சோறு, காய், பழம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். ஒரு கைப்பிடிச் சோறு கூடப் போட்டால் சாயங்காலம் உருளைக்கிழங்கைக் குறைப்பேன். அவளும் கேட்டு வாங்க மாட்டாள். பக்கத்து இலையில் முட்டை இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிய பிள்ளை அவள்.

இப்போது அஸ்பார்டேமுக்கு வருகிறேன். 1965இல் அமெரிக்காவில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஒரு வேதியியலாளர் தற்செயலாக விரலை நக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தது. சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு. இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்துச் செய்தது, அதில் ஒன்று ஃபினைல்அலனின். எடையில் பாதிக்கு மேல் அதுதான். உணவுச் சேர்க்கைப் பட்டியலில் அதன் எண் 951. 'ஜீரோ சுகர்' கோலாவில், பொடி கலக்குகிற பழபானத்தில், சூயிங் கம்மில், ஜெல்லியில், மென்று தின்கிற வைட்டமின் மாத்திரையில், சில சிரப்புகளில் அது இருக்கும். உணவுச் சேர்க்கைகளைப் பார்க்கிற உலக நிபுணர் குழு இதற்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். அதாவது 25 கிலோ எடையுள்ள பிள்ளை 1000 மில்லிகிராம் வரை சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று கணக்கு. அதில் பாதிக்கு மேல், அதாவது 500 மில்லிகிராமுக்கும் மேல், ஃபினைல்அலனின். என் மகளுக்கு நாள் முழுவதற்கும் 350 என்று மேலே எழுதினேன். கணக்கு யாருக்கு வேண்டுமானாலும் புரியும்.

அந்த அளவு பி.கே.யூ. உள்ளவர்களுக்குப் பொருந்தாது. நம் நாட்டுச் சட்டமும் அஸ்பார்டேம் கலந்த பாக்கெட்டில், ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்று எச்சரிக்கை போடச் சொல்கிறது. போடுகிறார்கள். எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில், ஆங்கிலத்தில், பாக்கெட்டை மடித்து ஒட்டிய இடத்தில். கட்டாயத் தகவல்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்பது இந்த நாட்டின் சட்டம். ஆத்தூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிற அண்ணன் எந்த மொழியில் படிப்பார்? கேன்டீனில் டம்ளர் கழுவுகிற அக்கா? இரண்டாம் வகுப்புக் குழந்தை? படிக்க முடியாதவர்கள் கையில் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி கையைக் கழுவிக்கொள்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால், எழுதித்தானே இருந்தது என்பார்கள்.

பள்ளியில் நடந்தது இதுதான். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கெல்லாம் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று. நல்ல நோக்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மகள் படிக்கிற பள்ளியிலும் வண்ண வண்ணமாகப் பலகை வைத்தார்கள். அதோடு, கோ-கோ பயிற்சி முடிந்து வருகிற பிள்ளைகளுக்குக் கலக்கித் தருகிற ஆரஞ்சுப் பானத்தை மாற்றினார்கள். பழைய சர்க்கரைப் பொடி போய் 'சுகர் ஃப்ரீ' பொடி வந்தது. கேன்டீனில் ஜெல்லியும் அப்படியே மாறியது. பெற்றோர் குழுவில் கைதட்டல் படம் போட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருஷ ஆரம்பத்தில் நான் கொடுத்த மருத்துவர் கடிதத்தில், அஸ்பார்டேம் எந்த உருவத்திலும் கூடாது என்று அடிக்கோடு போட்டிருந்தது. அது அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருந்தது.

சில வாரம் போனது. மகள் இரவில் தூங்காமல் புரள ஆரம்பித்தாள். காரணமில்லாமல் அழுவாள், எரிந்து விழுவாள். எழுதுகிற கணக்கை நடுவில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். வகுப்பாசிரியை கூப்பிட்டு, "கவனமே இல்லைங்க மேடம், வீட்டில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. ரத்தத்தை வடிதாளில் எடுத்துக் கூரியரில் அனுப்பினேன். ஃபினைல்அலனின் அவளுக்கு இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு ஏறியிருந்தது. சமையலறையில் என்ன தப்பு என்று தராசைச் சோதித்தேன், மாவுப் பாக்கெட்டை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். மகளை மடியில் வைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள். "சார் ஆரஞ்சு ஜூஸ் குடுப்பாரும்மா. பால் இல்ல, முட்டை இல்ல. சர்க்கரைகூட இல்லன்னு சொன்னாரும்மா."

அவள் என்ன தப்பு செய்தாள்? இது பால், இது பருப்பு, இது கறி என்று கண்ணால் பார்த்து விலகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கலங்கலான ஆரஞ்சுத் தண்ணீரில் கரைந்து கிடப்பதைப் பத்து வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

பள்ளிக்குப் போய்ப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கினேன். பின்னால் திருப்பி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "சுகர் ஃப்ரீதானே மேடம், பிள்ளைங்க நல்லதுக்குத்தானே மாத்தினோம்" என்றார்கள். பிறகு ஒருவர் கேட்டதுதான் இன்றைக்கும் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. "ஒரு பிள்ளைக்காக ஆயிரம் பிள்ளைங்க சாப்பிடறதை மாத்த முடியுமா மேடம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அது என் ஒரு பிள்ளை மட்டும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? பிறந்தபோது ரத்தம் எடுத்துப் பார்க்காத ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? லேசான அளவில் இந்தக் குறை உள்ள பிள்ளைகள் உண்டு. பெரிய அறிகுறி எதுவும் காட்டாமல், 'மந்தம்' என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்கிற வழக்கம் இவ்வளவு ஆழமாக வேர்விட்ட நம் மாநிலத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்க மனசு எப்படி வந்தது?

அடுத்து, அந்த ஆயிரம் பிள்ளைகளுக்கு மட்டும் அது நல்லது என்று யார் சொன்னார்கள்? 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்தச் செயற்கை இனிப்புகளை நம்பாதீர்கள் என்று பரிந்துரைத்தது. எடை குறைவதில் நீண்ட காலப் பயன் தெரியவில்லை, நெடுநாள் பயன்படுத்தினால் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுகிற வாய்ப்பு இருக்கலாம் என்றது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் தவிர மற்ற எல்லாருக்கும், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பரிந்துரை. அதே வருஷம் ஜூலையில் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு அஸ்பார்டேமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. சான்று குறைவு என்றும் அவர்களே சொன்னார்கள். அதை ஊதிப் பெரிதாக்கி நான் யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் குழந்தைக்கு எந்தச் சத்தும் தராத, பசியாற்றாத, நாக்கை மட்டும் இன்னும் தித்திப்புக்குப் பழக்குகிற ஒரு பொருளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? தண்ணீர் இல்லையா? மோர் இல்லையா? எலுமிச்சம்பழம் இல்லையா? இளநீர் விளைகிற நாட்டில்தானே இருக்கிறோம்? மோரை என் மகள் தொட மாட்டாள்தான். மோர் என்று கண்ணுக்குத் தெரிவதால் அவளே விலகிக்கொள்வாள்.

சட்டம் என்ன செய்கிறது என்றும் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்காக இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கெட்ட கொழுப்போ, சேர்த்த சர்க்கரையோ, உப்போ மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு. இந்த மூன்றை வைத்துத்தான் அளவுகோல். சர்க்கரையை எடுத்துவிட்டு அஸ்பார்டேம் போட்ட புட்டி அந்த அளவுகோலில் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாதா? 'ஜீரோ' என்று பெரிய எழுத்தில் போட்டுப் பத்து ரூபாய்ச் சின்னப் புட்டியாக அடைத்துக் கிராமத்துக் கடை வரைக்கும் இறக்கிவிட்டார்கள். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட புட்டிகளையே பள்ளி வாசலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் சர்க்கரை கூடிய குளிர்பானங்களுக்கு வரி போட்டார்கள். வரியிலிருந்து தப்பிக்கக் கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்து அந்த இடத்தில் செயற்கை இனிப்பை நிரப்பின. சர்க்கரை குறைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். பி.கே.யூ. பிள்ளைகள் இருந்த வீடுகளில் மட்டும், நேற்று வரை தயங்காமல் எடுத்துக் கொடுத்த பானத்தை இன்று புட்டியைத் திருப்பிப் படிக்காமல் கொடுக்க முடியாது என்றாகிவிட்டது. அதே பாதையில் நாமும் இப்போது கால் வைத்திருக்கிறோம். அங்கே குழந்தை பிறந்தவுடன் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள், யாருக்கு நோய் என்று தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

முடியாத காரியமும் இல்லை இது. மெக்சிகோ 2020இலிருந்து பாக்கெட்டின் முகப்பிலேயே, இனிப்பூட்டி இருக்கிறது, குழந்தைகளுக்கு ஆகாது என்று கறுப்புக் கட்டத்தில், அவர்கள் பேசுகிற மொழியில் போட வைத்தது. 2025 மார்ச் 29 முதல் அப்படிப்பட்ட எச்சரிக்கை உள்ள பண்டங்களைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது என்றும் ஆக்கிவிட்டது. நம்மைவிடக் குளிர்பானத்தில் ஊறிய நாடு அது. அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டுப் பள்ளிக்கு வரவழைத்த மாநிலம் இது. 2022இலிருந்து காலைச் சாப்பாடும் போடுகிறது. பசித்த பிள்ளை முகத்தைப் பார்த்துச் சட்டம் செய்யத் தெரிந்த அரசுகள் இங்கே இருந்திருக்கின்றன. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். பள்ளி வளாகத்துக்குள்ளும் அந்த 50 மீட்டருக்குள்ளும் செயற்கை இனிப்புக் கலந்த பானமும் பண்டமும் வேண்டாம் என்று ஓர் உத்தரவு போடுங்கள். சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிற ஒவ்வொரு சுற்றறிக்கையிலும், அதற்குப் பதில் இதை வைக்காதீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில், முன்பக்கத்தில் போட வையுங்கள். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலும் அந்தச் சொட்டு ரத்தத்தை எடுங்கள். என் மகனுக்கு இனி எதுவும் உதவாது, அது எனக்குத் தெரியும். அவனைப் போல இன்னொருவன் படுத்துக் கிடக்கக் கூடாது.

மகளின் ரத்தத்தில் அந்த அளவு மெல்ல இறங்கி வருகிறது. அந்த வாரங்களில் அவள் மூளைக்கு என்ன ஆனது என்று என்னால் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது. பள்ளியில் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் பொடியை நிறுத்தவில்லை, என் மகளுக்கு மட்டும் தர மாட்டோம் என்றிருக்கிறார்கள். தாகத்தோடு வருகிற பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்க, இவள் மட்டும் வீட்டுத் தண்ணீர்ப் புட்டியோடு தள்ளி நிற்கிறாள்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களே, தலைமையாசிரியர்களே, நாளைக் காலையில் உங்கள் கேன்டீனுக்குப் போங்கள். சர்க்கரை இல்லை என்று எழுதிய ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி 951 என்ற எண்ணைத் தேடுங்கள். சில பாக்கெட்டில் எண் இருக்காது, அஸ்பார்டேம் என்று பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும், அதையும் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே வெளியே எடுத்துப் போடுங்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.